பறக்கும் பீப்பாயும் துணைவஞ்சியும்

போர் விமானம் ஒன்றைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத நேரும் என்று நாம் எண்ணியதில்லை. புறத்திணையியலை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்துகிற நமக்கு யானைப்படையும் தேர்ப்படையும் பழகிய அளவுக்கு வான்படை பழக்கமில்லை. டாக் ஹாமர்ஷெல்டின் நாட்குறிப்பைப் படிக்கப் போன இடத்தில், அவர் வாழ்க்கையின் ஓரமாக நின்றிருந்த பருத்த விமானம் ஒன்றின் மீது கண் விழுந்தது. விழுந்த கண்ணை எடுக்க முடியவில்லை. ஸ்வீடனின் சாப் நிறுவனம் செய்த 29ஆம் எண் விமானம் அது. அந்நாட்டார் அதற்கு வைத்த பெயர் டுன்னன். பொருள், பீப்பாய்.

(பீப்பாய் நம் சொல் அன்று, போர்ச்சுகீசியரின் 'பீப்பா' கப்பலேறி வந்து நம்மிடம் தங்கிவிட்டது. எனினும் இந்த விமானத்தின் படத்தைப் பார்த்தவர்க்கு வேறு எந்தச் சொல்லும் தோன்றாது.)

அது பருத்ததற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் வடிவமைத்த கோஸ்ட் என்னும் ஜெட் எந்திரத்தை ஸ்வீடன் உரிமம் பெற்றுத் தன் மண்ணிலேயே செய்துகொண்டது. காற்றை மையத்திலிருந்து வெளிப்புறமாக வீசி அழுத்தும் வகையைச் சேர்ந்த எந்திரம் அது. ஆகவே நீளம் குறைவு, விட்டம் அதிகம். அதைச் சுற்றி உடலைக் கட்டினால் உடலும் பருக்கத்தான் செய்யும். மூக்கில் வட்டமாகத் திறந்த வாய். அதன் வழியே புகுந்த காற்று நேரே எந்திரத்துக்குப் போகும். அந்தக் காற்றுக்குழாயின் முதுகில் விமானி உட்கார்ந்திருப்பார். அழகன் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தப் பீப்பாயின் இரு புறமும் 25 பாகை பின்சாய்ந்த இறக்கைகள் இருந்தன. பின்சாய்ந்த இறக்கை பற்றிய ஜெர்மானியரின் ஆய்வுத் தாள்கள் 1945இல் சுவிட்சர்லாந்து வழியாக ஸ்வீடன் பொறியாளர்களின் கைக்கு வந்தன. தோற்ற நாட்டின் அறிவு நடுநிலை நாடு ஒன்றின் வழியாக மற்றொரு நடுநிலை நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. லார்ஸ் பிரைசிங் தலைமையிலான குழு அந்த இறக்கையைச் சிறு அளவில் ஒரு பயிற்சி விமானத்தில் பொருத்திச் சோதித்த பிறகே முழு விமானத்தைக் கட்டியது. 1948 செப்டம்பர் 1 அன்று முதன்முறை பறந்தது. ஓட்டியவர் பாப் மூர் என்னும் பிரிட்டிஷ் விமானி. 1954இல் 500 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் மணிக்கு 977 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து உலகச் சாதனை நிகழ்த்தியதும் இந்தப் பீப்பாய்தான்.

எழுபது இலட்சம் மக்கள் மட்டுமே வாழ்ந்த ஒரு நாடு, 1814க்குப் பின் எவர் மீதும் போர் தொடுக்காத நாடு, இவ்விமானங்களை 661 என்ற எண்ணிக்கையில் ஏன் செய்தது என்று கேட்கத் தோன்றும். விடை 1940இல் இருக்கிறது. உலகப் போர் மூண்டதும் ஸ்வீடன் பணம் கட்டி வாங்கியிருந்த போர் விமானங்களை அமெரிக்கா அனுப்ப மறுத்து நிறுத்திக்கொண்டது. இத்தாலியிடம் கிடைத்ததை வாங்கிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. பிறர் வீட்டுக் குதிரையை நம்பி நடுநிலை காக்க முடியாது என்ற பாடத்தை அந்நாடு அன்று கற்றது. நடுநிலை என்பது விலகி நிற்பது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஸ்வீடன் அரசியலாளர்களுக்கு அது மிகுந்த செலவு பிடிக்கும் ஒரு வேலை. ஐம்பதுகளில் அவர்களுடைய வான்படை உலகில் நான்காவது பெரியது என்று பேசப்பட்டது.

செலவு பணம் மட்டுமன்று. பின்சாய்ந்த இறக்கையின் குணம் விமானிகளுக்குப் புதிது. இரண்டு இருக்கை கொண்ட பயிற்சி வடிவம் இவ்விமானத்துக்குச் செய்யப்படவே இல்லை. ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து கைபிடித்துக் கற்றுத்தர வழியின்றி, ஒவ்வோர் இளைஞனும் முதல் நாளே தனியாக ஏறிப் பறந்தாக வேண்டும். ஏறத்தாழ நூறு விமானிகள் இவ்விமானத்தின் விபத்துகளில் மாண்டனர். ஒரு குண்டும் எதிரியை நோக்கிச் சுடப்படாத ஆண்டுகளின் கணக்கு இது. புறப்பாடல்களில் நடுகல் பெறுபவன் ஆநிரை மீட்கப் போய் அம்பு தைத்து வீழ்ந்தவன். அமைதிக் காலத்தில், பழகும் வேளையில் வீழ்ந்த இவர்களை எந்தத் துறையில் வைப்பது? இலக்கணம் அமைதியாக இருந்துவிடுகிறது.

இனி ஹாமர்ஷெல்ட். ஐக்கிய நாடுகள் அவையின் இரண்டாம் பொதுச்செயலாளர் என்று பொது அறிவுப் புத்தகங்கள் அவரை ஒரு வரியில் முடித்துவிடும். அவர் ஸ்வீடிஷ் அகாதெமியின் உறுப்பினர். இலக்கியத்துக்கான நோபல் பரிசை யாருக்கு அளிப்பது என்று முடிவு செய்யும் அவையில், 1954இல் தம் தந்தை விட்டுச் சென்ற இருக்கையில் அமர்ந்தவர். பிரெஞ்சுக் கவிஞர் சான்-ழான் பெர்ஸை ஸ்வீடிஷில் மொழிபெயர்த்தவர். 1959இல் ஹைக்கூ வடிவத்தில் தொடர்ந்து எழுதிப் பார்த்தவர். அவர் இறந்த பிறகு நியூயார்க் இல்லத்தில் கிடைத்த கைப்பிரதியே அந்த நாட்குறிப்பு. அதில் சூயஸ் இல்லை, ஹங்கேரி இல்லை, காங்கோ இல்லை. உலகத்தின் சண்டைகளை எல்லாம் மேசையில் வைத்திருந்த மனிதர் இரவில் தம்மோடு தாமே பேசிக்கொண்டதுதான் இருக்கிறது. முதுகலை மாணவராக இருந்த நாளில், கவிஞர் ஆடனும் லெய்ஃப் ஷோபெர்கும் செய்த ஆங்கில ஆக்கத்தின் வழியாக அதைப் படித்தோம். பாதி புரியவில்லை. புரியாத பாதிதான் இத்தனை ஆண்டு நம்மோடு வந்தது.

காங்கோவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960 ஜூன் 30இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை. பதினோரே நாளில், செம்பும் கோபால்டும் யுரேனியமும் விளையும் கட்டாங்கா மாநிலம் மோய்ஸ் ஷோம்பே தலைமையில் பிரிந்துபோவதாக அறிவித்தது. பின்னால் சுரங்க நிறுவனத்தின் பணம், பெல்ஜிய அதிகாரிகள், கூலிக்குச் சண்டையிடும் வெள்ளைச் சிப்பாய்கள். 1961 ஜனவரி 17இல் பிரதமர் லுமும்பா கட்டாங்காவில் கொல்லப்பட்டார். ஐ.நா. படையில் இந்தியரும் அயர்லாந்துக்காரரும் ஸ்வீடன்காரரும் எத்தியோப்பியரும் இன்னும் பலரும் இருந்தனர். அவர்களிடம் சண்டை விமானம் ஒன்றுகூட இல்லை. கட்டாங்காவிடம் பிரெஞ்சுத் தயாரிப்பான ஃபூகா மஜிஸ்டர் இருந்தது. பயிற்சிக்கென்று செய்த சிறு ஜெட். மூன்று வந்தன, 1961 செப்டம்பரில் பறக்கும் நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை விமானம் ஐ.நா.வின் சரக்கு விமானங்களைத் தரையிலேயே எரித்தது. ஜடோவில் நகரில் முற்றுகையில் சிக்கிய 155 அயர்லாந்து வீரர்களை மேலிருந்து சுட்டது. ஒற்றைப் பருந்துக்கு அஞ்சிக் கோழிகள் எல்லாம் கூடையடியில் பதுங்கின.

சண்டையை நிறுத்த ஷோம்பேயோடு பேசவே ஹாமர்ஷெல்ட் புறப்பட்டார். அந்தப் பருந்தின் கண்ணில் படாதிருக்க அவருடைய விமானம் நேர்வழியை விட்டுச் சுற்றுவழியில், இரவில், வானொலித் தொடர்பை அடக்கிக்கொண்டு பறந்தது. செப்டம்பர் 17 நள்ளிரவு கடந்து, இன்றைய ஜாம்பியாவில் உள்ள இண்டோலாவை நெருங்கும்போது காட்டில் விழுந்தது. பதினாறு பேரில் ஒருவர் மட்டும் சில நாள் உயிரோடு இருந்து இறந்தார். விபத்தா கொலையா என்ற கேள்வி இன்னும் மூடப்படவில்லை. 2015 முதல் தான்சானிய நீதியரசர் முகம்மது சாண்டே ஒத்மான் ஐ.நா.வின் சார்பில் அதை ஆராய்ந்து அறிக்கைகள் அளித்துவருகிறார். அவர் கடைசியாகக் கையில் கொண்டுபோனவற்றில் மார்ட்டின் பூபரின் நூலொன்றின் மொழிபெயர்ப்பு வேலையும் இருந்தது.

அவர் மாண்ட மூன்று வாரத்துக்குள், அக்டோபர் தொடக்கத்தில், ஸ்வீடனிலிருந்து ஐந்து பீப்பாய்கள் காங்கோவின் லுலுவாபூரில் வந்து இறங்கின. இந்தியா ஆறு கான்பெரா குண்டுவீச்சு விமானங்களை அனுப்பியது. எத்தியோப்பியா நான்கு சேபர் ஜெட்டுகளை அனுப்பியது. தூதுவர் உயிரோடு இருந்தவரை வராத ஆயுதம் தூதுவரின் சாவுக்குப் பின் வந்தது.

இந்த இடத்தில்தான் நம் பாடம் குறுக்கிடுகிறது. வஞ்சித் திணையில் துணைவஞ்சி என்று ஒரு துறை உண்டு. ஒருவன்மேல் ஒருவன் படையோடு போகும்போது இடையில் புகுந்து சந்து செய்விப்பது. புறநானூற்றில் இதற்குக் கோவூர்கிழாரே பேராசிரியர். நலங்கிள்ளி உறையூரை முற்றியபோது உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளிக்கும் அவனுக்கும் இடையில் நின்றார்; இருவரும் ஒரே குடி, எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்ற பொருள்படப் பாடினார். கிள்ளிவளவன் மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடத் துணிந்தபோது அங்கும் போய் நின்றார். ஒற்றன் என்ற ஐயத்தில் கொல்லப்பட இருந்த இளந்தத்தன் என்ற புலவனையும் மீட்டார். மூன்று முறையும் அவரிடம் இருந்தது சொல் ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் இதை நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி இருக்கையில் ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, கோவூர்கிழார் பின்னாடி ஒரு படை நின்னிருந்தா நலங்கிள்ளி இன்னும் சீக்கிரமா கேட்டிருப்பானா, கேட்டிருக்கவே மாட்டானா?" என்றாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. படை வந்தால் அவர் மூன்றாவது பகைவர் ஆகிவிடுவார், அப்புறம் அது துணைவஞ்சி இல்லை, வெறும் வஞ்சிதான் என்றான் ஒருவன். எல்லா மன்னனும் புலவர் சொல் கேட்டானா, கேட்காதவனிடம் போன புலவர் என்ன ஆனார், அந்தப் பாட்டு எங்கே என்றாள் இன்னொருத்தி. அந்த மூன்றாம் கேள்வியைக் கேட்டு நாம் வாயடைத்துப்போனோம் என்பதே உண்மை. தோற்ற தூதுகளின் பாடல்களை யார் தொகுத்தார்கள்? ஒளவை தொண்டைமானிடம் தூது போய்ப் பாடியது நமக்குக் கிடைத்திருக்கிறது. பாடி முடிக்கும் முன் வெட்டுண்டவர் யாரேனும் இருந்திருந்தால் அவர் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

தமிழ் வாசகருக்கு அமைதிப்படை என்ற சொல்லே முள். 1987 முதல் 1990 வரை ஈழத்தில் அந்தச் சொல் என்னவாயிற்று என்பதை அறிந்த காதுக்கு, எந்த நாட்டு அமைதிப்படையின் கதையும் எளிதாக இறங்காது. காங்கோவின் பக்கங்களை நாம் அந்த நெருடலோடுதான் புரட்டினோம்.

பாதுகாப்பு அவை 1961 பிப்ரவரியிலேயே, உள்நாட்டுப் போரைத் தடுக்க, கடைசி வழியாகப் படைவலியைக் கையாளலாம் என்று தீர்மானித்திருந்தது. நவம்பர் 24இல் கூலிச் சிப்பாய்களை வெளியேற்றவும் வலியைப் பயன்படுத்தலாம் என்றது. டிசம்பரில் சண்டை மீண்டும் மூண்டது. டிசம்பர் 5 அன்று எலிசபெத்வில்லில், இன்றைய லுபும்பாஷியில், சாலைத் தடையை உடைக்கப் போன கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா என்ற இந்திய இளைஞர் வீழ்ந்தார். பரம்வீர் சக்கரம் பெற்றார். பீப்பாய்களும் கான்பெராக்களும் கட்டாங்காவின் விமானத்தளங்களையும் வண்டித் தொடர்களையும் தாக்கின. நகரத்துக்குள் நடந்த சண்டையில் பொதுமக்களும் மாண்டார்கள். ஐ.நா.வின் எழுத்துகளைத் தாங்கிய படையே தெருவில் சுட்டது என்ற செய்தி ஐரோப்பாவில் பெரும் கண்டனத்தை எழுப்பியது. கண்டித்தவர்களில் சுரங்கப் பங்குக்காரர்களும் இருந்தனர் என்பது உண்மை. அதனால் இறந்தவர் இறவாதவர் ஆகிவிடவில்லை.

1962இல் மேலும் நான்கு பீப்பாய்களும், படம்பிடிக்கும் வடிவம் இரண்டும் வந்து சேர்ந்தன. அந்த ஆண்டின் இறுதியில் இமயத்தில் சீனப் போர் வெடிக்கவே இந்தியா தன் கான்பெராக்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. டிசம்பர் 28இல் ஐ.நா. தன் இறுதி நடவடிக்கையைத் தொடங்கியபோது வானத்துப் பளு பெரும்பாலும் ஸ்வீடன்காரர் தோளில் விழுந்தது. மறுநாள் அவர்கள் கொல்வேசித் தளத்தின் மீது தாழப் பறந்து, நின்றிருந்த கட்டாங்கா விமானங்களைத் தரையிலேயே அழித்தனர். தரையிலிருந்து சுட்ட குண்டுகள் பல விமானங்களில் தைத்தன; ஒன்றுகூட வீழ்த்தப்படவில்லை. (அங்கு இழந்த ஒரே விமானம், உயரதிகாரி ஒருவர் ஓட்டிப் பார்க்க ஏறி, ஓடுபாதையில் கிளம்ப முடியாமல் மோதி உடைத்தது. எல்லாப் படையிலும் இப்படி ஒருவர் இருப்பார் போலும்.) 1963 ஜனவரி நடுவில் ஷோம்பே பிரிவினை முடிந்தது என்று ஒப்புக்கொண்டார்.

1961 டிசம்பருக்கும் 1962 டிசம்பருக்கும் ஒரே மதிப்பெண் இட நமக்கு மனமில்லை. முன்னது நகரத்துக்குள் புகுந்து சுட்டது. பின்னது, பேசி முடித்த ஒப்பந்தத்தை ஓராண்டு இழுத்தடித்தவனுடைய விமானங்களை, ஆள் ஏறுமுன் அழித்தது. சொல்லுக்குச் செவி கொடாதவனிடம் அவன் கைவாளை மட்டும் முறிப்பது துணைவஞ்சிக்குள் அடங்கும் என்று அந்த மாணவியிடம் இன்று வாதிடுவோம். ஆனால் வாளை முறிப்பவனுக்கு எங்கே நிறுத்துவது என்று யார் சொல்வது என அவள் திருப்பிக் கேட்பாள். அதற்குக் கொல்வேசியின் பதில் போதாது.

இவ்விமானத்தை வைத்திருந்த மற்றொரு நாடு ஆஸ்திரியா. அதுவும் நடுநிலை நாடே. 1955 உடன்படிக்கையின் விலையாக அந்நடுநிலையை ஏற்றது. 1961 முதல் பழைய பீப்பாய்கள் முப்பதை ஸ்வீடனிடம் வாங்கியது. அதே உடன்படிக்கை ஆஸ்திரியா ஏவுகணை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தடுத்திருந்ததால், இவை குழல்துப்பாக்கிகளோடு மட்டும் எழுபதுகளின் தொடக்கம்வரை ஆல்ப்ஸ் மலைமேல் பறந்தன. பின்னர் அதே சாப் நிறுவனத்தின் டிராக்கன் 24 வாங்கினார்கள். 1991இல் பக்கத்து யூகோஸ்லாவியா உடைந்து, அதன் விமானங்கள் எல்லை தாண்டி வந்தபோதும் டிராக்கன்களிடம் ஏவுகணை இல்லை. அதன் பிறகே தடை நீங்கிற்று. பல் பிடுங்கிய காவல் நாய் என்ன குரைத்து என்ன என்று ஆஸ்திரியர் நொந்திருப்பார்கள்.

ஸ்வீடனும் மாறிவிட்டது. 2024 மார்ச்சில் நேட்டோவில் சேர்ந்தது. இருநூறு ஆண்டு நடுநிலைக்கு அங்கே முற்றுப்புள்ளி. பீப்பாயின் பேரன் எனத்தக்க கிரிபென் விமானத்தை இன்று செக் நாடு, ஹங்கேரி, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து, பிரேசில் ஆகியவை வைத்திருக்கின்றன. 2011இல் லிபியாவுக்கு ஸ்வீடன் அனுப்பிய எட்டு கிரிபென்கள் படம் மட்டுமே பிடித்தன, குண்டு வீசவில்லை. 2025 ஜூலையில் கம்போடிய எல்லையில் தாய்லாந்தின் கிரிபென்கள் குண்டு வீசின. செய்தவன் நோக்கம் வாங்கியவனைக் கட்டுப்படுத்தாது. போஃபர்ஸ் பீரங்கியை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கார்ல் குஸ்தாஃப் வான் ரோசென் என்ற ஸ்வீடன் பிரபு, எத்தியோப்பியாவுக்கும் பின்னர் பியாஃப்ராவுக்கும் தாமே விமானம் ஓட்டிப் போனவர், இந்த வரிசையில் தனியே எழுதத் தக்கவர். பிறிதொரு நாள் பார்ப்போம்.

காங்கோப் பணி முடிந்ததும் பீப்பாய்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. தாய்நாட்டில் அவற்றின் இடத்தைப் புதிய விமானங்கள் பிடித்திருந்தன. திருப்பிக் கொண்டுவரும் செலவு விமானத்தின் மதிப்பைவிட அதிகம் என்று கணக்குப் பார்த்தார்கள். ஆகவே சிலவற்றை நின்ற தளத்திலேயே தகர்த்துவிட்டு விமானிகள் ஊர் திரும்பினார்கள். அது 1963. ஹாமர்ஷெல்டின் நாட்குறிப்பு ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக அச்சாகி வெளிவந்ததும் அதே ஆண்டுதான்.